மலிவு விலை அட்ஜஸ்டபிள் ரேசர்: வாங்குவதில் தொடங்கி உங்கள் முகத்துக்கான எண்ணைக் கண்டுபிடிப்பது வரை

பிளேடுக்குக் கீழே உள்ள இடைவெளியை ஒரு டயலைத் திருப்பிக் கூட்டிக் குறைக்க முடிகிற ரேசர்தான் அட்ஜஸ்டபிள் ரேசர். பெட்டியைப் பிரித்து அதை வெளியே எடுத்ததும் கை தானாக டயலுக்குப் போகும். 1, 2, 3 என்று திருப்பி 6-க்கு வந்தால் பிளேடுக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவே வெளிச்சம் நன்றாகத் தெரியும். இவ்வளவு இடைவெளி இருந்தால் ஒரே இழுப்பில் தாடி போய்விடுமே என்று தோன்றும். நான் அப்படி நினைத்துத்தான் முதல் நாளே 4-இல் வைத்தேன். கன்னம் வழவழவென்று வந்தது. கழுத்தின் இடது பக்கம் மட்டும் இரண்டு நாளைக்குச் சட்டைக் காலர் உரசினாலே எரிந்தது. அப்புறம் ஒரு மாதம் பொறுமையாக 1-இல் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறினேன். கன்னத்துக்கும் மோவாய்க்கும் ஒரு எண், கழுத்துக்கு வேறொரு எண் என்பது அந்த மாதத்தில்தான் தெரிந்தது. இருபது வருடமாக நானே ஷேவ் செய்துவந்த முகம் அது.

டயல் இருப்பது இதற்குத்தான். பெரிய எண்ணைத் தொடுவதற்காக யாரும் இந்த ரேசரை வாங்கத் தேவையில்லை. முகத்தின் எந்த இடம் எவ்வளவு தாங்கும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. அதற்கு விலை உயர்ந்த ரேசரும் வேண்டாம்.

டயல் உள்ளே என்ன செய்கிறது

இரண்டு பக்கமும் கூர் உள்ள ஒற்றைப் பிளேடைப் போடும் சாதாரண சேஃப்டி ரேசரில் மேல் மூடிக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே பிளேடு இறுக்கமாக உட்காரும். கீழ்த் தட்டின் இரண்டு ஓரத்திலும் தோலைத் தொட்டுக்கொண்டே வரும் விளிம்பு ஒன்று உண்டு. காப்பு விளிம்பு என்று அதைச் சொல்லலாம். பிளேடின் கூருக்கும் இந்த விளிம்புக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலான ரேசர்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு ரேசர் சாதுவானதா, முரடா என்பதைத் தீர்மானிப்பதில் இந்தச் சின்ன இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு.

இடைவெளி கூடினால் தோல் அதற்குள் கொஞ்சம் உப்பி நுழையும். முடியைப் பிளேடு இன்னும் அடியில் பிடிக்கும். நுரையும் வெட்டிய முடியும் அடைக்காமல் வெளியே போகும். கூடவே, கோணம் கொஞ்சம் தப்பினாலும், கை கொஞ்சம் அழுந்தினாலும் தோலும் சேர்ந்து சீவப்படும். இடைவெளி குறைந்தால் இது எல்லாமே தலைகீழ். டயலைத் திருப்பும்போது பிளேடுக்கும் காப்பு விளிம்புக்கும் உள்ள தூரம்தான் மாறுகிறது. வேறு மாயம் எதுவும் உள்ளே இல்லை.

இந்த வகை புதிதும் இல்லை. அமெரிக்காவில் ஜில்லெட் 1958-இல் ஒன்பது எண் கொண்ட ஒரு மாடலைக் கொண்டுவந்தது. அதன் தடித்த கைப்பிடியைப் பார்த்து ‘ஃபேட்பாய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழைய பொருள் சேர்ப்பவர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஜெர்மனியில் கத்திகளுக்குப் பெயர்போன சோலிங்கன் நகரத்து மெர்க்கர், ப்ரோக்ரஸ், ஃப்யூச்சர் என்று இரண்டு அட்ஜஸ்டபிள் மாடல்களை விற்கிறது. ஃப்யூச்சரின் வடிவத்தைப் பின்பற்றிச் சீனாவில் பல ரேசர்கள் தயாராகின்றன. மிங் ஷி 2000எஸ் அவற்றில் பெயர் தெரிந்த ஒன்று. விலை, மெர்க்கரின் விலையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். என்னிடம் இருப்பது அதே வடிவில், தயாரித்தவர் பெயர்கூட அச்சிடாத ஒன்று.

ஒரு விஷயத்தை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்களுக்குப் பொதுவான அளவு கிடையாது. ஒரு ரேசரின் 3-உம் இன்னொன்றின் 3-உம் ஒன்றல்ல. நண்பர் 5-இல் வைத்து அருமையாக ஷேவ் செய்கிறார் என்பதால் உங்கள் ரேசரில் 5 வைக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு இது தேவைதானா

மோவாயில் கம்பி மாதிரி முடி, கழுத்தில் மெல்லிய தோல் என்று இருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். ஒரு வாரம் தினமும், இன்னொரு வாரம் நாலு நாளைக்கு ஒருமுறை என்று ஒழுங்கில்லாமல் ஷேவ் செய்பவர்களுக்கும் உதவும். நாலு நாள் முடிக்குப் பெரிய இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ரேசர் அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் முடிக்குச் சின்ன இடைவெளியே போதும். பிளேடுகளோடு தலையையே மொத்தமாகக் கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரில் இருந்து முதன்முறையாக மாறுபவர்களும் 1-இல் பாதுகாப்பாகப் பழகிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஒரு சாதாரண சேஃப்டி ரேசரில் எரிச்சல் இல்லாமல் ஷேவ் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இது கனமானது, தலை பெரியது, கழுவ நேரம் பிடிக்கும்.

வடிவத்தில் இரண்டு வகையைப் பெரும்பாலும் பார்க்கலாம். ஒன்று, கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை இரண்டு கதவாக மேலே திறப்பது. இன்னொன்று, மேல் மூடியைப் பிடித்து இழுத்தால் ‘டக்’ என்று கழன்று வருவது. மலிவாகக் கிடைப்பதில் இரண்டாவது வகையே அதிகம். இனி நான் சொல்வதெல்லாம் அதை மனதில் வைத்துத்தான். கதவு வகைக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

வந்ததும் பிளேடு போடாமல் சோதியுங்கள்

பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பழைய டூத் பிரஷ். இவை போதும். தொழிற்சாலையில் பளபளப்பாக்கும்போது ஒட்டிய கறுப்பு மசை சந்துகளில் இருக்கும். அதை முழுவதும் தேய்த்துக் கழுவுங்கள். முகத்தில் படும் பொருள்.

ஈரத்தைத் துடைத்துவிட்டு டயலை 1-இல் இருந்து கடைசி எண் வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக விரிய வேண்டும். நடுவே எங்காவது சிக்கினாலோ, திருப்பிய இடத்தில் நிற்காமல் தானாக நழுவினாலோ அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஷேவ் செய்யும்போது எண் தானாக மாறுகிற ரேசரை முகத்தில் வைக்கக் கூடாது. தலையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மிகச் சிறிய ஆட்டம் மலிவு ரேசர்களில் சகஜம். கடகடவென்று சத்தம் வந்தால் சகஜமில்லை.

மலிவு ரேசர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே குரோம் பூசியவை. குரோம் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த உலோகம் எஃகு மாதிரி வளைந்துகொடுக்காது. குளியலறைத் தரையில் தலை கீழாக விழுந்தால் உடையலாம், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் கோணிக்கொள்ளலாம். விழுந்த ரேசரை அடுத்த ஷேவுக்கு முன் மறுபடி சோதிக்காமல் எடுக்காதீர்கள்.

பிளேடு மாட்டுவது

இங்கேதான் பலர் விரலை வெட்டிக்கொள்கிறார்கள். முகத்தில் வெட்டுபவர்களைவிட இப்படி வெட்டிக்கொள்பவர்களே அதிகமோ என்று சில சமயம் நினைப்பேன். மூடியைக் கழற்றும்போது அதன் இரண்டு குறுகிய முனைகளை மட்டும் பிடியுங்கள். நீளமான பக்கங்களில் விரல் போகவே கூடாது, அங்கேதான் பிளேடின் கூர் இருக்கிறது. கை ஈரமாக, சோப்பாக இருந்தால் மூடி வழுக்கும். எனவே உலர்ந்த கையோடு, ரேசரையும் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கவும் வேண்டாம். ஒரு துணியைச் சுற்றி முனைகளைப் பிடித்தால் எளிதாக வந்துவிடும்.

டயலை 1-க்குக் கொண்டுவாருங்கள். பிளேடையும் குறுகிய முனைகளில் பிடித்து, நடுவில் உள்ள துளைகள் தட்டின் மேட்டில் பொருந்தும்படி வையுங்கள். மூடியை மேலே வைத்து, மையத்தில் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். ‘டக்’ என்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம்.

இப்போது ரேசரைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, தலையின் முனைப் பக்கமாகப் பாருங்கள். பிளேடின் கூர் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஒரு பக்கத்தின் நீளம் முழுக்க இடைவெளி சமமாக இருக்கிறதா, அல்லது ஒரு மூலையில் அகன்று மறு மூலையில் குறுகுகிறதா? கோணலாகத் தெரிந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். மறுபடியும் அதே பக்கம் கோணினால், பிளேடை மட்டும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கோணலும் பக்கம் மாறினால் கோளாறு பிளேடில். அதே பக்கத்திலேயே நின்றால் ரேசரில்.

என் ரேசரில் ஒரு பக்கம் இடைவெளி மயிரிழை அளவுக்குக் கூடுதல். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தப் பக்கத்துக் கைப்பிடியில் நெயில் பாலிஷால் ஒரு சிறு புள்ளி வைத்துவிட்டேன். மோவாய்க்குப் புள்ளிப் பக்கம், கழுத்துக்கு மறுபக்கம். பழகிவிட்டது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கோணல் என்றால் இப்படிச் சமாளிக்க வேண்டாம், மாற்றி வாங்குங்கள்.

முடி எந்தப் பக்கம் சாய்கிறது

இரண்டு நாள் தாடியோடு இருக்கும்போது விரல் நுனியால் முகத்தைத் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் பக்கம் முடி சாய்ந்திருக்கும் பக்கம். முட்கள் மாதிரி தடுக்கும் பக்கம் எதிர்ப்பக்கம். கன்னத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கீழ்நோக்கிச் சாயும். கழுத்தில் அப்படி எந்த விதியும் இல்லை. சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குத் தொண்டையின் இரண்டு ஓரத்திலும் சுழி போட்டு வளரும்.

ஒரு தாளில் முகத்தை வட்டமாக வரைந்து ஒவ்வொரு இடத்திலும் அம்புக்குறி போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எனக்கு இடது கழுத்தில் முடி காதை நோக்கிப் போகிறது, வலது கழுத்தில் நேராகக் கீழே. இது தெரியாமல் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் எரிச்சல் இடது பக்கம் மட்டும் ஏன் வந்தது என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

தண்ணீரும் நுரையும்

குளித்து முடித்ததும் ஷேவ் செய்யுங்கள். குளிக்க நேரமில்லை என்றால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். உலர்ந்த முடி விறைப்பாக இருக்கும். தண்ணீரைக் குடித்த முடி மிருதுவாகி எளிதில் வெட்டுப்படும். ஈரம் முடிக்குள் போக அந்த இரண்டு மூன்று நிமிடம் தேவை. முகத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டு உடனே நுரை போடுவது போதாது.

நம் ஊரில் பலருக்கு நுரை சரியாக வராததற்குக் காரணம் சோப்பு இல்லை, தண்ணீர். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாக மாறிவிடுகின்றன. எவ்வளவு சுழற்றினாலும் நுரை மெலிந்து இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு டம்ளரில் வரும் வித்தியாசத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

சோப்பு என்றால் பிரஷை நனைத்து, உதறி, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். க்ரீம் என்றால் ஒரு பட்டாணி அளவு. பிறகு கிண்ணத்திலோ நேராக முகத்திலோ, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துச் சுழற்றிக்கொண்டே இருங்கள். கடைந்த தயிர் பதம் வந்ததும் நிறுத்தலாம். பெரிய பெரிய குமிழி தெரிந்தால் காற்று அதிகம், இன்னும் சுழற்ற வேண்டும். திட்டுத் திட்டாக மாவு மாதிரி நின்றால் தண்ணீர் குறைவு. பன்றி முடிப் பிரஷ் என்றால் குளிக்கப் போகும் முன்பே தண்ணீரில் ஊறப் போட்டுவிடுங்கள். நைலான் மாதிரி செயற்கை இழைப் பிரஷுக்கு ஊறல் வேண்டாம்.

ஸ்ப்ரே டப்பாவில் வரும் நுரையைத் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பார்க்க நிறைய இருக்கும். ஆனால் தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே வழுக்கிக் கொடுக்கும் தன்மை அதில் குறைவு. கார்ட்ரிட்ஜில் அது தெரியாது, இந்த ரேசரில் தெரியும்.

முதல் ஷேவ்: 1-இல் மட்டும்

கைப்பிடியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும், அதுவும் கைப்பிடியின் கீழ்ப்பாதியில். இந்த வடிவ ரேசர்கள் 100 கிராம் அளவுக்குக் கனமானவை. அந்தக் கனமே வேலையைச் செய்யும். கார்ட்ரிட்ஜில் அழுத்திப் பழகிய கைக்கு இதுதான் மிகக் கடினமான பாடம். உங்களுக்கு அழுத்துவதாகவே தோன்றாது. அழுத்திக்கொண்டிருப்பீர்கள்.

கோணத்துக்கு ஒரு வழி: கைப்பிடியைக் கன்னத்துக்குச் செங்குத்தாக நீட்டிப் பிடித்து, மேல் மூடி மட்டும் தோலைத் தொடும்படி வையுங்கள். இப்போது பிளேடு தோலில் படாது. அப்படியே மெதுவாகக் கீழ்நோக்கி நகர்த்திக்கொண்டே கைப்பிடியைத் தாழ்த்துங்கள். ஏதோ ஓர் இடத்தில் முடி வெட்டுப்படும் சத்தம் கேட்கத் தொடங்கும். அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கோணம்தான். ஏறக்குறைய 30 டிகிரி என்பார்கள். டிகிரியைவிட அந்தச் சத்தத்தை நம்புங்கள். ஷேவ் செய்யும்போது பாட்டு ஓடவிட வேண்டாம் என்று நான் சொல்வதும் அதற்காகத்தான்.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிறு சிறு இழுப்பாக, முடி சாய்ந்த பக்கமாக மட்டும் போங்கள். மற்றக் கையால் தோலை லேசாக இழுத்துப் பிடியுங்கள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை ரேசரைத் தண்ணீரில் அலசுங்கள். நுரை போன இடத்தில் மறுபடி பிளேடை ஓட்டாதீர்கள். விட்டுப்போன முடி தெரிந்தால் அங்கே நுரை தடவிவிட்டுப் போங்கள்.

கன்னத்தில் ஆரம்பித்து, பிறகு கழுத்து, கடைசியில் மோவாயும் உதட்டுக்கு மேலும் என்று போவது நல்லது. கடினமான முடி இருக்கும் இடங்களுக்கு நுரையில் ஊற அதிக நேரம் கிடைக்கும். மூக்குக்கு அடியில் இந்தப் பெரிய தலை நுழைவது சிரமம். மேல் உதட்டைப் பல்லோடு ஒட்டிக் கீழே இழுத்துக்கொண்டு, நடுவில் மேலிருந்து கீழாகவும், ஓரங்களில் சற்றே சாய்த்தும் போனால் கிட்டும். மீசை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் மீசையின் ஓரத்தை நேராக எடுக்க இந்தத் தலை இடைஞ்சல்தான். அதற்குச் சின்னத் தலை ரேசரே வசதி. தொண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் குருத்தெலும்பின் மேல் நேராக இழுக்காதீர்கள். தோலை விரலால் ஒரு பக்கமாக நகர்த்தி, சமமான இடத்துக்குக் கொண்டுவந்து எடுங்கள்.

முதல் நாள் ஒரே ஒரு சுற்று போதும். முழு வழவழப்பு வராது. வர வேண்டியதும் இல்லை.

எண்ணை ஏற்றுவது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்தப் பகுதி முழுவதற்கும் இதுவே அடிப்படை. அதே சோப்பு, அதே பிராண்டு பிளேடு, குளித்த பிறகு அதே நேரம், கிட்டத்தட்ட அதே நீள முடி. மாறுவது டயல் எண் மட்டும். பிளேடையும் எண்ணையும் ஒரே நாளில் மாற்றினால், நல்லதோ கெட்டதோ எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஒவ்வொரு எண்ணிலும் மூன்று ஷேவ். ஒவ்வொரு எண்ணுக்கும் புதுப் பிளேடு. பிளேடு நாளாக நாளாக மழுங்கும் என்பதால், 1-இல் புதுப் பிளேடோடும் 3-இல் பழைய பிளேடோடும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். சில பிளேடுகள் முதல் ஷேவில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்து இரண்டாவதில் பதமாகும். அதனால் தீர்ப்பை மூன்றாவது ஷேவுக்குப் பிறகு எழுதுங்கள்.

ஆம், எழுதுங்கள். ஒரு நோட்டில் நாலே விஷயம்: எண், எத்தனையாவது ஷேவ், எங்கே முடி மிச்சம் இருந்தது, எங்கே எரிந்தது. கன்னம், மோவாய், கழுத்து இடது, கழுத்து வலது, உதட்டுக்கு மேல் என்று தனித்தனியாக எழுதினால்தான் பயன்.

படிக்கும் விதம் எளிது. ஒரே இடத்தில் நாலைந்து முறை இழுத்தும் முடி போகவில்லை, ஆனால் எரிச்சல் இல்லை என்றால் அந்த இடத்துக்கு எண் போதவில்லை. முடி போய்விட்டது, ஆனால் சிவந்து எரிகிறது என்றால் அந்த இடத்துக்கு எண் அதிகம். முடியும் போகவில்லை, எரியவும் செய்கிறது என்றால் டயலைத் தொடாதீர்கள். அது கோணமோ, அழுத்தமோ, மழுங்கிய பிளேடோ, காய்ந்த நுரையோதான். இந்த மூன்றாவது நிலையில் பலரும் எண்ணை ஏற்றித்தான் காயப்படுத்திக்கொள்கிறார்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ் செய்பவருக்கு 4 வரை போய்ச் சேர ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். எனக்கு 3-இலேயே கழுத்து முறையிடத் தொடங்கியது, மோவாய்க்கு 4 தேவைப்பட்டது. 5-உம் 6-உம் எனக்கு வாரக் கணக்கில் வளர்ந்த தாடியை எடுக்க மட்டுமே. பலருக்கு அந்த எண்கள் தேவையே படாது.

ஒரே ஷேவில் மூன்று எண்

எண்கள் தெரிந்த பிறகுதான் டயலின் உண்மையான சுகம். முதல் சுற்று முடி சாய்ந்த பக்கமாக, அந்த இடம் தாங்கும் பெரிய எண்ணில். இந்தச் சுற்றின் வேலை, நீளத்தைக் குறைப்பது மட்டும். முகத்தைக் கழுவி, மறுபடி நுரை போட்டு, டயலை ஒரு படி இறக்கி, இரண்டாவது சுற்று குறுக்காக. காதில் இருந்து மூக்கை நோக்கி, அல்லது மூக்கில் இருந்து காதை நோக்கி. மூன்றாவது சுற்று விருப்பம் இருந்தால் மட்டும், டயலை 1-க்கு இறக்கி, எதிர்ப்பக்கமாக. எதிர்ப்பக்கம் இழுக்கும்போது தோல் அதிகம் அபாயத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் இடைவெளி மிகக் குறைவாக இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று செய்து பார்த்தால் தெரியும். ஒரே இடைவெளி கொண்ட ரேசரில் இது முடியாது.

இப்போது நான் செய்வது: கன்னத்திலும் மோவாயிலும் 4, பிறகு 3. கழுத்தில் முதல் சுற்று 2, இரண்டாவது 1, மூன்றாவது சுற்று கிடையாது.

சுருட்டை முடிக்காரர்கள் எதிர்ப்பக்கம் இழுப்பதைத் தவிர்ப்பது நல்லது. தோலுக்குள் வெட்டுப்பட்ட சுருட்டை முடி, வெளியே வராமல் உள்ளேயே வளைந்து வளர்ந்து சிறு சிறு கொப்புளங்களை உண்டாக்கும். அவர்களுக்கு இரண்டு சுற்றும் முடி சாய்ந்த பக்கமாகவே போதும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், சின்னக் காயம்கூடத் தழும்பாகத் தடித்துவிடும் தோல் உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இந்தச் சோதனையில் இறங்குங்கள்.

படிகாரம் சொல்லும் உண்மை

ஷேவ் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். பிறகு படிகாரக் கல். சலூனில் கடைசியாக முகத்தில் தேய்ப்பார்களே, அதேதான். நாட்டு மருந்துக் கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கட்டியாகவே கிடைக்கும். ஓரத்தைத் தரையில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். கல்லை நனைத்து ஈர முகத்தில் மெதுவாக ஓட்டி, ஒரு நிமிடம் விட்டுவிட்டுக் கழுவுங்கள். சின்ன வெட்டுகளில் வரும் ரத்தம் அதிலேயே நிற்கும்.

ஆனால் நான் படிகாரத்தை வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. தோல் நன்றாக இருக்கும் இடத்தில் அது குளிர்ச்சியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சீவப்பட்ட இடத்தில் சுரீரென்று எரியும். சிவப்பு தெரிவதற்கு முன்பே, எந்த இடத்தில் அழுத்தினீர்கள், எந்த இடத்துக்கு எண் அதிகம் என்று அது சொல்லிவிடும். நோட்டில் ‘எங்கே எரிந்தது’ என்ற வரியைப் படிகாரம் தேய்க்கும்போதே நிரப்பிவிடலாம். இரண்டாவது வாரத்தில் என் இடது கழுத்தில் அது ஒன்றும் செய்யாமல் இருந்த நாளில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

கழுவித் துடைத்த பிறகு, வாசனை அதிகம் இல்லாத ஏதாவது ஒரு மாய்ஸ்சரைசர். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவ், சோதனை நடக்கும் இந்த ஒரு மாதத்துக்கு வேண்டாம். அது எல்லா இடத்திலும் எரிந்து கணக்கைக் குழப்பும்.

பிளேடு

இரண்டு பக்கக் கூர் கொண்ட பிளேடின் வடிவம் 1930களிலேயே ஏறக்குறைய நிலைத்துவிட்டது. எந்தக் கம்பெனிப் பிளேடும் எந்தக் கம்பெனி ரேசரிலும் உட்காரும். 7 ஓ கிளாக், டோபாஸ், வில்கின்சன், சூப்பர்மேக்ஸ் என்று சில ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் ஏதாவது ஒன்றோடு தொடங்குங்கள். எண்கள் எல்லாம் தெரிந்த பிறகு, உங்களுக்குப் பிடித்த எண்ணில் நிறுத்திக்கொண்டு, வேறு வேறு பிளேடுகளைச் சோதிக்கலாம். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது என்று பெயர் பெற்றது. அதைப் போடும் நாளில் டயலை ஒரு படி இறக்கி வையுங்கள்.

நாலைந்து ஷேவுக்கு ஒருமுறை மாற்றுங்கள். முடியைப் பிடித்து இழுக்கிற உணர்வு வந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றே மாற்றுங்கள். பிளேடை ஒருபோதும் துணியால் துடைக்காதீர்கள், உதறினால் போதும். அண்ணன் தம்பி என்றாலும் ஒரே பிளேடைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி, சி போன்றவை கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தத்தில்கூடப் பரவும்.

ரேசரைப் பார்த்துக்கொள்வது

ஒவ்வொரு முறையும் ஓடும் தண்ணீரில் அலசி, உதறி, காற்றுப் படும்படி நிறுத்திவையுங்கள். வாரம் ஒருமுறை, பிளேடை எடுத்துவிட்டு டயலைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினால் உள்ளே இருக்கும் சந்துகள் திறக்கும். டூத் பிரஷால் சோப்புப் படிவைத் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் இதை விட்டுவிட்டால் இரண்டு மாதத்தில் டயல் இறுகிவிடும். அப்படி இறுகினால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் டயல் சுழலும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். வினிகர், எலுமிச்சை, கறை நீக்கும் ஆசிட் எதையும் குரோம் பூசிய மலிவு ரேசரில் தொடவிடாதீர்கள். பூச்சில் ஒரு கீறல் இருந்தால்கூட அடியில் உள்ள துத்தநாகத்தை அரித்துவிடும்.

பழைய பிளேடைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். காகிதத்தில் சுற்றிப் போட்டாலும் அது கிழிந்து வெளியே வரும். நம் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான் போய் முடியும். திருவிழாக் கடையில் விற்கும் தகர உண்டியல் ஒன்று வாங்கி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். அந்தத் துளையில் பிளேடு சரியாக நுழையும். ஒரு பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். வாரம் ஒன்று போட்டாலும் ஒரு வருடப் பிளேடுகளை அடுக்கினால் அரை சென்டிமீட்டர் உயரம். நிரம்பியதும் துளையை டேப்பால் நன்றாக ஒட்டி, உள்ளே பிளேடு இருக்கிறது என்று மேலே பெரிதாக எழுதி, பழைய இரும்புக் கடைக்காரரிடம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.